நெபுலைசர் கிண்ணத்துக்குள் எது போகலாம், எது போகக்கூடாது?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. பனிக்காலத்திலும் அடைமழையிலும் இழுப்பு வரும். சவூதியில் வேலை செய்யும் நாத்தனார் போன வருடம் ஒரு நெபுலைசர் மெஷின் கொண்டுவந்து தந்தார். டொக்டரின் துண்டில் ‘சல்பியூட்டமோல் 2.5’ என்று இருந்ததால், மருந்துப் போத்தலிலிருந்து சிரிஞ்சில் 2.5 வரைக்கும் இழுத்து, கொதித்தாறிய தண்ணீர் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறேன். இழுப்பு நிற்கிறது. ஆனால் கை நடுங்குது, நெஞ்சு அடிச்சுக்குது என்கிறான். 62 வயது மாமியாருக்கு வருடம் முழுக்க இருமலும் இளைப்பும். அவரும் அதே மெஷினில் இரண்டு சொட்டு யூக்கலிப்டஸ் தைலம் விட்டுப் பிடிக்கிறார். ஃபோனில் வந்த ஒரு வீடியோவில் ஹைட்ரஜன் பெரொக்சைட் விட்டாலும் நல்லது என்கிறார்கள். முன்பு பத்து நிமிடத்தில் முடிந்த மருந்து இப்போது இருபது நிமிடம் எடுக்கிறது. மெஷின் பழகிவிடுமா? பேசாமல் கொத்தமல்லி, ஆடாதோடை கஷாயத்தோடு இருந்துவிடலாமா?
— பெயர் வேண்டாம், தலவாக்கலைக்கு அருகில் ஒரு தோட்டம்

பதில்: மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த 2.5ஐத் திருத்துவோம்.

துண்டில் டொக்டர் எழுதியது 2.5 மில்லிகிராம். சிரிஞ்சில் இருக்கும் கோடுகள் மில்லிலீற்றர். உங்களிடம் இருக்கும் போத்தலின் லேபிளைப் பாருங்கள். நெபுலைசருக்கென்று போத்தலில் விற்கும் சல்பியூட்டமோல் கரைசலில் வழக்கமாக 1 மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் மருந்து இருக்கும். அப்படியானால் 2.5 மில்லிகிராம் என்பது அரை மில்லிலீற்றர், அதாவது சிரிஞ்சில் 0.5 என்ற கோடு. நீங்கள் 2.5 வரை இழுக்கும்போது பிள்ளைக்குப் போவது 12.5 மில்லிகிராம், சொன்ன அளவைப் போல ஐந்து மடங்கு. கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான். அளவு மீறினால் வாந்தி வரும், இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

இந்தத் தவறு உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. அதே மருந்து, பிளாஸ்டிக் குப்பியில் ஒரு தடவைக்கானதாகக் கலந்து அடைத்தும் வருகிறது. அந்தக் குப்பி 2.5 மில்லிலீற்றர், அதற்குள் மருந்தும் 2.5 மில்லிகிராம். அதை அப்படியே முழுதாக ஊற்றலாம். ஒரு தடவை குப்பியும் அடுத்த தடவை போத்தலும் பாமசியில் கிடைக்கும்போது இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு முறை வாங்கும்போதும், ‘இதில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம்?’ என்று கேட்டு, போத்தலிலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

போத்தல் மருந்து என்றால் கலவை இது: மருந்து 0.5 மில்லிலீற்றர், அதோடு 2.5 மில்லிலீற்றர் நோர்மல் சேலைன். மொத்தம் 3. அளக்க ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சே நல்லது, 5 மில்லி சிரிஞ்சில் அரைக் கோடு கண்ணுக்குத் தப்பும். மருந்தை மட்டும் ஊற்றி, சேலைன் சேர்க்காமல் ஓட்டுவது வீண் வேலை. எந்தக் கிண்ணத்திலும் ஏறத்தாழ 1 மில்லிலீற்றர் புகையாகாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடும். மூன்று மில்லி ஊற்றினால்தான் மருந்தில் பெரும்பங்கு வெளியே வரும்.

கொதித்தாறிய தண்ணீரை இனிச் சேர்க்க வேண்டாம். குடிக்க நல்ல தண்ணீர் நுரையீரலுக்கு நல்லதல்ல. சேலைனில் உள்ள 0.9 சதவீத உப்பு நம் உடல் நீரோடு ஒத்துப்போகும். உப்பில்லாத தண்ணீர் பொடிப் பொடித் துளியாக உள்ளே போனால் மூச்சுக்குழாய் எரிச்சலடைந்து சுருங்கும். ஆஸ்துமா இருக்கிறதா என்று சோதிப்பதற்காக, காய்ச்சி வடித்த நீரையே பனிப்புகையாக இழுக்க வைத்து இழுப்பு வருகிறதா என்று பார்க்கும் பரிசோதனைகூட உண்டு. வீட்டு உப்பைக் கரைத்துச் சேலைன் செய்யவும் வேண்டாம், அளவும் சரிவராது, கிருமியும் போகாது. பாமசியில் 5 அல்லது 10 மில்லி குப்பிகளாகக் கேளுங்கள். 500 மில்லி சேலைன் போத்தலில் ஊசி குத்தி இரண்டு வாரம் வைத்து எடுப்பது இன்னொரு கெட்ட பழக்கம். உடைத்த சேலைனில் மிச்சத்தை அன்றைக்கே கொட்டிவிடுங்கள். திறந்த மருந்துப் போத்தலுக்கு ஒரு மாதம்தான் ஆயுள், திறந்த தேதியை லேபிளில் எழுதுங்கள்.

இப்போது தைலத்துக்கு வருவோம். மாமியார் மீது குறை சொல்ல மாட்டேன். கிண்ணத்திலிருந்து வெள்ளையாகப் புகை வருகிறது, மூக்கில் மாஸ்க், பார்வைக்கு வேது பிடிப்பது போலத்தான் இருக்கும். வேது பிடிக்கும் தண்ணீரில் தைலம் விட்டே பழகியவர், இதிலும் விடுகிறார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கொதிக்கும் பாத்திரத்து ஆவி மூக்கிலும் தொண்டையிலும் பட்டு நீராகிவிடும், அதற்குக் கீழே இறங்காது. நெபுலைசர் வெப்பமில்லாமல் காற்றின் வேகத்தால் மருந்தை உடைக்கிறது. அந்தத் துளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து ஐந்து பங்கு அளவுதான். மூக்கு, தொண்டை என்ற இரண்டு காவலையும் தாண்டி நுரையீரலின் கடைசிக் கிளை வரை போகவே அது அவ்வளவு சிறிதாக்கப்படுகிறது. அந்த இடத்தில் எண்ணெய் போய்ப் படிந்தால் உடலுக்கு அதை வெளியேற்ற வழியில்லை. எண்ணெய் படிந்து வரும் நியூமோனியா என்றே ஒரு நோய் இருக்கிறது, அதற்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. நாட்பட்ட இருமல்காரருக்குத் தைல வாசனையே இழுப்பைக் கிளப்பிவிடவும் கூடும். தைலம் கிண்ணத்தின் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும்.

வீடியோவில் சொன்ன ஹைட்ரஜன் பெரொக்சைட் புண் கழுவவும் கறை எடுக்கவும் உள்ள திரவம். நுரையீரலின் உட்தோலை அது பொசுக்கிவிடும். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. வெள்ளி நீர், கற்பூரம் கரைத்த நீர், வடிகட்டிய கஷாயம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். டொக்டர் எழுதிய நெபுலைசர் கரைசலும் சேலைனும் தவிர எதுவும் அந்தக் கிண்ணத்துக்குள் போகக்கூடாது.

கஷாயத்தையும் வேதையும் நான் எதிர்க்கவில்லை. அவற்றின் பாதை வேறு. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீர் சூடாகத் தொண்டையை நனைக்கும், சளி இளகும், குளிரில் பிள்ளை தண்ணீர் குடிக்க ஒரு சாக்காகவும் இருக்கும். தாராளமாகக் கொடுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளையின் இரவு இருமலுக்கு ஒரு தேக்கரண்டி தேன் நல்லது, ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. ஆடாதோடைக்கு மருத்துவ வரலாறே உண்டு. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளைப் பார்த்துத்தான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தை உருவாக்கினார்கள். ஆனால் வீட்டுக் கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று யாரும் அளப்பதில்லை, கர்ப்பிணிகள் குடிக்கவே கூடாது, கர்ப்பப்பையைச் சுருக்கும். கொழுந்து பறிக்கும் கைக்கு இன்னொரு செய்தி: மூச்சுக்குழாயைத் தளர்த்தும் தியோபிலினை 1888இல் ஆல்பிரெக்ட் கோசல் என்ற ஜெர்மானியர் முதலில் பிரித்தெடுத்தது தேயிலையிலிருந்துதான். அதற்காகப் பிளேன்டீ குடித்து இழுப்பை நிறுத்த முடியாது, கோப்பையில் இருப்பது அவ்வளவு சொற்பம்.

இவற்றில் எதுவும் சுருங்கிய மூச்சுக்குழாயைப் பத்து நிமிடத்தில் திறக்காது. இழுப்பு வந்த நேரத்தில் கஷாயம் அவித்துக்கொண்டு நிற்பதுதான் ஆபத்து.

வேது பிடிப்பதென்றால் பெரியவர்கள், மூக்கடைப்புக்கு மட்டும், மேசைமேல் வைத்த பாத்திரத்தில், தைலம் இல்லாமல். ஆறு வயதுப் பிள்ளையைப் போர்வைக்குள் இருத்திக் காம்பராத் தரையில் கொதிநீர் வைக்க வேண்டாம். காலால் ஒரு தட்டு, தொடை வெந்துவிடும். தைலப் போத்தலைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். நுவரெலியாப் பாதையோரக் கடைகளில் விற்கும் அந்தச் சின்னப் போத்தலில் ஒரு சில மில்லி உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். இன்னொன்று, ஓடைக்கரைகளில் மணி போலத் தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பூச்செடி, ஊமத்தை இனம். அதன் இலையைச் சுருட்டிப் புகைத்தால் இழுப்பு நிற்கும் என்று பழையவர்கள் சொல்வது முழுப் பொய்யுமல்ல. அந்த இனத்துச் செடியிலுள்ள அட்ரோபினின் உறவுதான் ஆஸ்பத்திரியில் நெபுலைசரில் விடும் இப்ராட்ரோபியம். ஆனால் இலைக்கு இலை விஷத்தின் அளவு மாறும். புத்தி தடுமாறி, கண் இருண்டு வார்டில் போய் முடியும். தொடவேண்டாம்.

மெஷினைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இருபது நிமிடம் எடுப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, ஃபில்டர். மெஷினில் சின்ன மூடிக்குள் பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கும். திறந்து பாருங்கள். விறகடுப்பு உள்ள வீட்டில் அது சில வாரங்களிலேயே கறுத்துவிடும். கழுவிப் போட முடியாது, நனைந்த பஞ்சு காற்றை அடைக்கும், புதிதுதான் மாற்ற வேண்டும். அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்றும் யோசியுங்கள். மெஷின் உறிஞ்சுவது காம்பராவில் உள்ள அதே காற்றைத்தான். அடுப்பெரியும்போது குசினிக்குப் பக்கத்தில் ஓட்டினால் மருந்தோடு புகையையும் சேர்த்து ஊட்டுகிறீர்கள். முன் காம்பராவிலோ இஸ்தோப்பிலோ வைத்து ஓட்டுங்கள்.

இரண்டு, கிண்ணத்தின் நடுவிலுள்ள நுண்துளை. மருந்து காய்ந்து உப்புப் படிந்தால் அடைபடும். வெந்நீரில் ஊறவைத்தால் கரையும். குண்டூசி விட்டுக் குத்தாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் துளி பெரிதாகி மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும், புகை மட்டும் அமோகமாக வரும்.

மூன்று, மெஷின் வந்த ஊர். அடியில் ஒட்டியுள்ள தகட்டைப் படியுங்கள். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சவூதியில் 60 ஹெர்ட்ஸ். 60 மட்டும் போட்டிருந்தால் இங்கே மோட்டார் மெதுவாகச் சுற்றும், காற்று குறையும், சீக்கிரம் சூடேறும். 50/60 என்று இருந்தால் பிரச்சினையில்லை. பழைய 127 வோல்ட் மெஷினாக இருந்தால் இங்கே சொருகவே வேண்டாம். ஆனால் முன்பு பத்து நிமிடத்தில் முடிந்தது என்கிறீர்களே, அதனால் எனக்கு முதல் சந்தேகம் ஃபில்டர் மீதுதான். மாற்றிவிட்டு 3 மில்லி வெறும் சேலைனை ஊற்றி மணிக்கூட்டைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் சளசளவென்று துப்பத் தொடங்க வேண்டும். அந்தச் சத்தம் வந்ததும் கிண்ணத்தை ஒருமுறை சுண்டிவிட்டு, மறுபடியும் துப்பினால் நிறுத்திவிடலாம்.

மகனும் மாமியாரும் மெஷினைப் பகிரலாம். கிண்ணம், மாஸ்க், குழாய் மூன்றும் ஆளுக்கொன்று வேண்டும். மாஸ்க் முகத்தில் ஒட்டியிருக்க வேண்டும், முகத்துக்கு முன்னால் தூரப் பிடித்தால் மருந்தில் பாதிக்கு மேல் காற்றோடு போகும். ஆறு வயதுப் பிள்ளைக்கு வாயில் கவ்வும் துண்டு இன்னும் நல்லது. ஒவ்வொரு முறையும் முடிந்த பிறகு கிண்ணத்தைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, கொதித்தாறிய நீரில் அலசி உதறுங்கள். நாளுக்கு ஒரு தடவை, கம்பனிக் குறிப்பில் அனுமதி இருந்தால், கொதிநீரில் ஐந்து நிமிடம் போடுங்கள். மலைமேல் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே, நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் நம் பக்கத்தில் பத்து நிமிடமாக வைத்துக்கொள்வது நல்லது. வினாகிரியில் ஊறவைப்பது போதாது. ஜூன், ஜூலை மழையில் எதுவும் காயாது. அடுப்புக்கு மேல் தொங்கவிடாமல், வெறும் கிண்ணத்தை மெஷினில் மாட்டி இரண்டு மூன்று நிமிடம் காற்றை ஓடவிட்டால் கிண்ணமும் குழாயும் உலர்ந்துவிடும். குழாய்க்குள் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், அதன் உட்புறம் காய்வதே இல்லை.

இவ்வளவு வேலையும் எதற்கு என்று நீங்கள் கேட்டால், நியாயம். மிதமான இழுப்புக்கு நெபுலைசர் செய்வதை, ஒரு பஃப் 100 மைக்ரோகிராம் கொண்ட சல்பியூட்டமோல் இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் குழல்) அதே அளவுக்குச் செய்யும். கரண்ட் வேண்டாம், பையில் கொண்டு போகலாம், மழைக்குக் கரண்ட் போகும் நம் ஊருக்கு அதுதான் தோது. ஸ்பேசர் வாங்க முடியாவிட்டால் 500 மில்லி தண்ணீர்ப் போத்தல் போதும். கேப் டவுனில் ஆய்வு செய்து 1999இல் வெளியிட்ட முடிவு, இடைவெளி இல்லாமல் அடைத்த போத்தல் கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது என்பதே. கம்பியை இன்ஹேலர் வாயின் வடிவத்துக்கு வளைத்துச் சூடாக்கி, போத்தலின் அடியில் அழுத்தித் துளை எடுங்கள். இன்ஹேலர் இறுக்கமாக உட்கார வேண்டும், சுற்றிப் பசையால் அடையுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் அலசி, துடைக்காமல் வடிய விடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் ஏறும் நிலைமின்சாரம் மருந்தைச் சுவரோடு இழுத்துக்கொள்ளும். பாவிக்கும்போது குலுக்கி ஒரு பஃப், போத்தல் வாயில் உதட்டை மூடி ஐந்தாறு மூச்சு, அரை நிமிடம் விட்டு அடுத்த பஃப். இரண்டு பஃப்பைச் சேர்த்து அடித்துவிட்டு மூச்சிழுப்பது பாதி மருந்தை வீணாக்கும்.

பழகிவிடுமா என்ற பயம் தேவையில்லை, சல்பியூட்டமோலுக்கு அடிமையாவதில்லை. சுருங்கியதைத் திறப்பதுதான் அதன் வேலை. உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. வீக்கம் அடங்க ஸ்டீரொய்ட் இன்ஹேலர் வேண்டும். அரச கிளினிக்கில் பெக்லோமெத்தசோன் இலவசமாகக் கொடுப்பார்கள். இழுப்பு இல்லாத நாளிலும் இழுத்து, பிறகு வாய் கொப்புளிக்க வேண்டும். பனி வரும் போதெல்லாம் மெஷினை எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் இந்த இரண்டாவது மருந்து விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். வருடத்துக்கு 200 பஃப் கொண்ட சல்பியூட்டமோல் இன்ஹேலர் மூன்றுக்கு மேல் தீர்ந்தாலே அபாய அறிகுறி. கம்பளியை வெயில் கண்ட நாளெல்லாம் காயப்போடுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை வாசலோடு நிறுத்துங்கள்.

மாமியாருடையது வேறு வருத்தமாக இருக்கலாம். நாற்பது ஐம்பது வருடம் விறகுப் புகைக்கு முன் இருந்தவருக்கு வருடம் முழுக்க இருமல் என்றால் நாட்பட்ட சுவாசத்தடை நோயை நினைக்க வேண்டும். முன்பு தேயிலைத் தொழிற்சாலையில் சலிப்பு அறையில் வேலை செய்தவரா என்றும் டொக்டர் கேட்பார். தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவை டாக்டர் சி. ஜி. உரகொட 1970இலேயே நம் நாட்டிலிருந்து எழுதியிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேலான இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம், மாவட்ட மார்பு நோய் கிளினிக்கில் இலவசம். காசநோய் இல்லை என்று உறுதியாகும் வரை அவர் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து மெஷின் பிடிக்க வேண்டாம், புகையோடு கிருமியும் பரவும்.

மெஷின் வீட்டில் இருப்பதால் வரும் பெரிய ஆபத்து, ஆஸ்பத்திரிக்குப் போவது தாமதமாவதுதான். வீட்டு மெஷின் தள்ளுவது வெறும் காற்று, ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கிடைக்கும். மேலே போகப் போகக் காற்றில் ஒட்சிசனும் குறையும். 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் கடலோரத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, உங்கள் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும் உண்டு. ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாமை, விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே இழுபடுதல், உதடு நீலமாதல், தூங்கி விழுதல், சத்தமாக இருந்த இழுப்பு திடீரென்று ஓய்ந்தும் பிள்ளை தெளியாமை, இதில் ஒன்று கண்டாலும் உடனே 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் கருவி இருந்தால், குளிர்ந்த விரலில் பொய் சொல்லும், தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். 94க்குக் கீழே என்றால் புறப்படுங்கள், 92க்குக் கீழே என்றால் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம். டவுனுக்கு மேல் தோட்டப் பாதையில் ஒரு மணி நேரம் இருக்கிறவர்கள் கணக்கை முன்தள்ளிப் போட வேண்டும். மருந்து கொடுத்து நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி இழுத்தால் அந்த இரண்டாவது தடவையை வாகனத்துக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். போகும் வழியில் ஸ்பேசரில் நான்கிலிருந்து பத்து பஃப் வரை, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

அடுத்த கிளினிக் நாளில் மருந்துப் போத்தல், சேலைன், கிண்ணம், நீங்கள் அளக்கும் அதே சிரிஞ்ச் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். டொக்டருக்கோ மிஸ்ஸுக்கோ முன்னால் ஒருமுறை அளந்து காட்டி, அவர்கள் சரி என்ற கோட்டில் அழியாத பேனாவால் ஒரு கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள்.